சாட்சிக் கூண்டில் "கடவுள் அறிய" சொல்ல மறுத்தால் சாட்சியம் நிற்குமா?

கரிசல்காடு (கேள்வி):

உயில் வழக்கு ஒன்று சார்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு சம்மன் வந்துவிட்டது. அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "கடவுள் அறிய" என்று சொல்லமாட்டேன் என்கிறார். வீட்டிலோ, "சும்மா ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எதிர்க்கட்சி வக்கீல் இதையே பிடித்துக்கொள்வார்" என்கிறார்கள். மூன்று சந்தேகம்:

1. கடவுள் பெயர் இல்லாமல் உறுதி எடுத்தால் சாட்சியத்துக்கு மதிப்புக் குறையுமா?
2. "சாமிக்கே பயப்படாதவன் சட்டத்துக்கா பயப்படுவான்" என்ற ரீதியில் குறுக்கு விசாரணையில் கேட்க முடியுமா?
3. நம்பாத கடவுளின் பெயரால் ஒப்புக்குச் சத்தியம் செய்வது நேர்மையா? இது சட்டக் கேள்வி இல்லைதான், ஆனாலும் கேட்கிறேன்.

கோர்ட்டுவாசல்:

முதல் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். மூன்றாவதற்கு இங்கே ஆட்கள் வருவார்கள்.

முதலில், இதில் "மறுப்பது" என்ற பேச்சே வேண்டாம். 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம், பிரிவு 5 ஒரே வரிதான்: சாட்சி, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நாத்திகர் என்று அறிவிக்கத் தேவையில்லை. பக்திமானும் எடுக்கலாம். அட்டவணையின் முதல் படிவத்தில் இரண்டு தொடக்கங்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு: "கடவுளின் பெயரால் ஆணையிட்டு / உளமார உறுதியாக". அதற்குப் பின்னால் வருவது இருவருக்கும் ஒன்றுதான்: சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை.

மதிப்புக் குறையாது. 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தில் "சத்தியம்" என்ற சொல்லுக்குள்ளேயே உறுதிமொழியும் அடக்கம், பிரிவு 3(37). பொய் சொன்னால் தண்டனையும் ஒன்றே. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 193. நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சி என்றால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் "சத்தியமும் வேண்டாம், உறுதியும் வேண்டாம், நான் சொன்னால் நம்பு" என்று நின்றால் அது தனிக் குற்றம், பிரிவு 213: ஆறு மாதம் வரை சாதாரணச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டில் ஒன்று எடுத்தே ஆகவேண்டும்.

இனி நடைமுறை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சறுக்கல் வருவது இங்கேதான்.

சிவில் வழக்கில் முதல் விசாரணை, அதாவது சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது, பொதுவாக வாய்மொழியாக நடக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18, விதி 4இன்படி சாட்சி சொல்லவேண்டியதை நிரூபண வாக்குமூலமாக (புரூஃப் அஃபிடவிட்) எழுதித் தாக்கல் செய்வார்கள். ஆக, அவர் கூண்டில் ஏறுவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் உறுதி எடுத்தாகிவிடும். அந்தக் காகிதத்தை முதலில் பாருங்கள். நம் ஊர் ஆங்கில வாக்குமூலங்களின் வழக்கமான தொடக்கம் "சாலம்லி அஃபர்ம் அண்ட் சின்சியர்லி ஸ்டேட்", அதாவது உளமார உறுதி கூறி உண்மையாகச் சொல்கிறேன் என்பது. கவனியுங்கள், அதில் கடவுளே இல்லை! தினமும் நூற்றுக்கணக்கான பக்தர்கள் கடவுள் இல்லாத உறுதிமொழியில்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அடிக்கும்போதுதான் டைப்பிஸ்ட் கணினியில் கிடக்கும் பழைய மாதிரியை எடுத்து "கடவுள் அறிய" அல்லது "சத்தியப் பிரமாணமாக" என்று போட்டுவிடுவார். கையெழுத்துக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். அச்செடுத்த பிறகு கவனித்தால், அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்து, "உளமார" என்று மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம். சான்றொப்பம் இடுபவரும் அந்த இடத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். கடைசிப் பத்தியையும் பாருங்கள். தொடக்கத்தில் உறுதிமொழி, முடிவில் சத்தியம் என்று கலந்து கிடக்கும் வாக்குமூலங்கள் ஏராளம்.

பிறகு கூண்டு. குறுக்கு விசாரணைக்கு முன் மறுபடி உறுதி எடுப்பார்கள். வழக்கை அழைப்பதற்கு முன்பே வக்கீல் மூலமாக பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லிவைப்பது நல்லது. சொல்லாவிட்டாலும் குடி முழுகாது. அவர் வாய்ப்பழக்கத்தில் "கடவுள் அறிய" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால், நீதிபதியைப் பார்த்து "உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன் ஐயா" என்றால் போதும். ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். கூண்டு கொள்கை விளக்கக் கூட்டத்துக்கான மேடை அல்ல.

இரண்டாவது கேள்வி. சாட்சி சொல்லத் தகுதி எது என்று பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 124 (பழைய சாட்சியச் சட்டத்தில் 118) சொல்கிறது: கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்தப் பதில் சொல்ல முடியவேண்டும். நம்பிக்கை பற்றி ஒரு சொல் கிடையாது. நம்பகத்தன்மையைக் குலைக்கும் கேள்விகள் கேட்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு, அது பிரிவு 149. ஆனால் அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ கேட்பதை நீதிமன்றம் தடுக்கவேண்டும், பிரிவு 155. "கடவுள் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால் உங்கள் தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கவேண்டும். சாட்சி தானே வாதாடக் கூடாது. நீதிபதி பதில் சொல்லச் சொன்னால், "இல்லை" என்ற ஒரு சொல். அதோடு நிறுத்தினால் அந்தக் கேள்வி அங்கேயே செத்துப்போகும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும், உயிலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எதிர்த்தரப்புக்கு வேண்டியதும் அதுதான்.

ஏட்டுச்சுரை:

மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் "உறுதிமொழி என்பது நாத்திகருக்காக வந்த சலுகை" என்று கேள்வியிலேயே ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. அதை முதலில் கழற்றிவிட வேண்டும்.

சத்தியம் செய்ய மாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள் அதிபக்தர்கள். இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். "சத்தியமே பண்ணாதிருங்கள், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். சத்தியத்தின்போது மட்டும் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரம் என்ன பேசுகிறாய் என்பது அவர்கள் கேள்வி. 1695இல் அவர்களுக்காக உறுதிமொழியை அனுமதித்துச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், கங்கை நீரையும் குர்ஆனையும் வைத்துச் சத்தியம் வாங்கும் பழக்கத்தை விலக்கி, இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதிமொழி எடுத்தால் போதும் என்றது. அந்த வாசகத்தில் "எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில்" என்பது இருந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்து, முஸ்லிம் சாட்சிகளுக்கு உறுதிமொழிதான் விதி. ஆக, இங்கே அது பெரும்பான்மையோரின் வழியாகவே இருந்தது.

நாத்திகரின் மீதான சந்தேகம் வேறொரு வழியாக வந்தது. 1689இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், மதச் சகிப்புக்காக வாதாடிய அதே எழுத்தில், கடவுளை மறுப்பவரைச் சகிக்கக் கூடாது என்றார்: வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் அவரைக் கட்டாது என்று. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1682இல், பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியர் பெய்ல் நேர் எதிராக எழுதிவிட்டார்: மனிதர் நடத்தையைத் தீர்மானிப்பது நம்பிக்கையைவிட வழக்கமும் மானமும் சுபாவமும் தண்டனை பயமும்தான், நாத்திகர் மட்டுமே வாழும் சமூகம்கூடச் சாத்தியம் என்று. லாக் பக்கம்தான் நீதிமன்றங்கள் நின்றன. 1744இல் ஓமிசந்த் எதிர் பார்க்கர் வழக்கில், கல்கத்தாவில் பிராமணரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்த இந்துச் சாட்சிகளின் சாட்சியத்தை லண்டன் நீதிமன்றம் ஏற்றது. கிறிஸ்தவக் கடவுள்தான் வேண்டும் என்பதில்லை, பொய்க்குத் தண்டிக்கும் ஏதாவதொரு கடவுளை நம்பினால் போதும் என்றார்கள். கதவு அகலத் திறந்தது. நாத்திகர் மட்டும் வெளியே.

இதன் விளைவு என்ன தெரியுமா? நாத்திகர் வீட்டில் திருடு போனால், அவரால் திருடனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் இந்த விதியைப் பிரித்துப் போட்டார். நாத்திகர் எல்லோரும் பொய்யர் என்று கருதும் இந்த விதி, பொய் சொல்லத் தயாராக இருக்கும் நாத்திகரை உள்ளே விடுகிறது. கேட்டால் "நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். ஊர்ப் பழி வந்தாலும் பரவாயில்லை, பொய் சொல்லமாட்டேன் என்று நிற்பவரை மட்டும் பொய்யர் என்று வெளியே தள்ளுகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கூர்மையான பதில் எனக்குத் தெரியாது. "ஒப்புக்குச் சொல்லிவிடு" என்று வீட்டில் சொல்கிறார்களே, உண்மை பேசப்போகிற இடத்தில் முதல் வாக்கியத்தையே பொய்யாகத் தொடங்கச் சொல்கிறார்கள்.

1869இல் இங்கிலாந்தில் நாத்திகச் சாட்சிக்கு வழி பிறந்தது. நாடாளுமன்றத்துக்கு அது போதவில்லை. 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்ல்ஸ் பிராட்லா உறுதிமொழி கேட்டார், மறுத்தார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார், "உனக்கு அது கட்டுப்படாதே" என்று அதையும் மறுத்தார்கள்! இடைத்தேர்தல்களில் திரும்பத் திரும்ப வென்று 1886இல்தான் உட்கார முடிந்தது. அவர் முயற்சியால் வந்த 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுணுக்கம்: நம்பிக்கை இல்லாதவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்துவிட்டாலும் அந்தச் சத்தியம் செல்லும். நம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7உம் 8உம் இதே இடத்துக்கு வருகின்றன. வாசகம் மாறினாலும், உறுதி எடுக்கவே மறந்துபோனாலும், சாட்சியம் செல்லாமல் போகாது, உண்மை சொல்லும் கடமையும் போகாது. கடமையைச் சட்டம் நேரடியாக ஆளின் தலையில் வைக்கிறது.

பிரிவு 4இல் இன்னொன்று. 12 வயதுக்குட்பட்ட குழந்தை, சத்தியம் என்றால் என்னவென்று புரியாவிட்டாலும், உண்மை சொல்லவேண்டும் என்பது புரிந்தால் போதும், சத்தியமே இல்லாமல் சாட்சியம் ஏற்கப்படும். கடவுள் பயத்தையும் உண்மையின் கடமையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சூடத்தட்டு:

ஏட்டுச்சுரை சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. மீதிப் பாதி நம்பிக்கையுள்ளவன் பக்கத்திலிருந்து.

சத்தியம் வெறும் சடங்கு என்றால் அது இத்தனை நூற்றாண்டு பிழைத்திருக்காது. ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை, இரண்டு பேர் வாய் வார்த்தை மட்டும் இருக்கும் வழக்கில் கிராமம் என்ன செய்யும்? கோயில் வாசலில் சூடம் ஏற்றி, "அணைத்துச் சத்தியம் செய், முடிந்தது வழக்கு" என்கும். இதை 1873ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றிருந்தது, பிரிவு 8 முதல் 12 வரை. "எதிரி இந்தச் சத்தியத்தைச் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு தரப்பு சொல்லி, எதிரியும் செய்துவிட்டால், அந்தச் சாட்சியமே முடிந்த முடிவு. எதிர்த்துப் பேச முடியாது. 1969இல் இதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா என்று கேட்டால், சரி என்றே சொல்வேன். காரணம், அந்த ஏற்பாடு தெய்வத்துக்கு அஞ்சுபவனைத்தான் மாட்டவைக்கும். அஞ்சாதவன் சூடத்தை ஊதிவிட்டு நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வான். பக்தன், உண்மையே ஆனாலும் சூடத்தை அணைக்கப் பயந்து விட்டுக்கொடுத்துவிடுவான். மில் சொன்ன ஓட்டை இந்தப் பக்கத்திலும் இருக்கிறது, பாருங்கள்.

இருந்தாலும் வழக்கத்துக்கு இன்னமும் ஒரு சிறு இடம் உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 6இன்படி, தன் சமூகத்தில் கட்டுப்படுத்தும் என்று கருதப்படும் முறையில் சாட்சி உறுதி எடுக்க விரும்பினால் நீதிமன்றம் அனுமதிக்கலாம். இரண்டு வேலி: நீதிக்கும் நாகரிகத்துக்கும் விரோதமாக இருக்கக் கூடாது, மூன்றாம் ஆளைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது. "என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம்" என்பது இரண்டாவது வேலியில் அடிபட்டுப்போகும். பொய் சொல்வது அப்பன், தண்டனை பிள்ளைக்கா?

ஒரு திருத்தமும். கடவுள் இல்லை என்றால் ஒழுக்கம் இல்லை என்பது நம் மரபின் குரலே இல்லை. மீமாம்சகர் வேதத்தை ஏற்பவர்கள், ஆனால் உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காதவர்கள். சமணரும் படைப்புக் கடவுளை மறுப்பவர்கள், கொல்லாமையிலும் பொய்யாமையிலும் அவர்களைவிடக் கடுமை யார்? வினை தானே வந்து சேரும், நடுவில் நீதிபதி வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. வடமொழியில் "நாஸ்திகர்" என்பதே வேதத்தை நிந்திப்பவரைக் குறித்த சொல்லாகத்தான் மனுவில் வருகிறது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறார். வாய்மை அதிகாரத்துக்கு வரும்போது "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்கிறார். சுடுவது நெஞ்சு. அந்த இடத்துக்கு எமனை அழைக்கவில்லை. "உளமார" என்ற சொல்லை நாத்திகர் மட்டும் பட்டா போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் "உளமார" என்று பதவி ஏற்றதிலிருந்து அது ஒரு கட்சிச் சொல் போலவே பேசப்படுகிறது. அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் எல்லோருக்கும் உள்ள சொல் அது.

பனங்கூடல்:

இலங்கை நடைமுறையையும் ஒருக்கா சொல்லிவிடுறன், இங்க சொத்து வழக்குகளுக்கு அங்கையிருந்து கடதாசி அனுப்புற ஆக்கள் இருப்பினம். அங்க 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பௌத்தர், இந்து, முஸ்லிம் உறுதிப்படுத்தல் செய்வினம், கிறிஸ்தவர் வேதாகமத்தில சத்தியம் செய்வினம். ஆட்சேபம் உள்ள ஆரும் உறுதிப்படுத்தலாம். சத்தியக் கடதாசியில (வாக்குமூலத்துக்கு அங்கத்தைய பேர்) "இந்துவாகிய நான்" எண்டு மதத்தைச் சொல்லித் தொடங்கிறது வழக்கம். பிழை வாறது எங்கயெண்டால், மேல "உறுதிப்படுத்துகிறேன்" எண்டு எழுதி, கீழ சமாதான நீதவான் ஒப்பம் வைக்கிற பந்தியில "சத்தியம் செய்து" எண்டு விடுறது. அந்த முரணைப் பிடிச்சு ஆட்சேபம் எழுப்பிறது அங்கத்தைய சட்டத்தரணிகளின்ர பழைய விளையாட்டு. ஒப்பத்துக்கு முதல் மேலயும் கீழயும் ஒத்துப் பாருங்கோ.

எண்சுவடி:

சட்டம் சமம் என்கிறது. கேட்பவர் மனம் அப்படி இல்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

2017இல் 13 நாடுகளில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று. இந்தியாவும் அதில் உண்டு. கொடூரமான செயல் செய்த ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் யாராக இருக்கும் என்று கேட்டார்கள். நேரடியாகக் கேட்டால் ஜாக்கிரதையாகப் பதில் சொல்வார்கள் என்பதால் ஒரு தர்க்கப் பொறி வைத்தார்கள். "ஆசிரியர்" அல்லது "நாத்திகரான ஆசிரியர்", எது அதிக வாய்ப்பு? இரண்டாவது முதலாவதற்குள் அடக்கம் என்பதால் அது ஒருபோதும் அதிகமாக முடியாது. "கடவுள் நம்பிக்கையுள்ள ஆசிரியர்" என்று போட்டபோது விழுந்ததைவிட, "நாத்திகர்" என்று போட்டபோது அந்தப் பிழையில் விழுந்தவர்கள் மிக அதிகம். நாத்திகர்களிடமும் அதே சாய்வு தெரிந்தது. லாக்கின் சந்தேகம் சட்டப் புத்தகத்திலிருந்து போனாலும் மண்டையிலிருந்து போகவில்லை.

கூண்டுக்கு நெருக்கமான ஆய்வு 2023இல் பிரிட்டனில் வெளியானது. மாதிரி நடுவர்களுக்கு (ஜூரி) ஒரே வழக்கைக் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்வதாக ஒரு பிரிவுக்கு, உறுதிமொழி எடுப்பதாக இன்னொரு பிரிவுக்கு. மொத்தத்தில் தீர்ப்பு அவ்வளவாக மாறவில்லை. ஆனால் "நானாக இருந்தால் கடவுள் பெயரால் சத்தியம் செய்வேன்" என்ற நடுவர்கள், உறுதிமொழி எடுத்தவரிடம் கூடுதல் கடுமை காட்டினார்கள். இங்கே நடுவர் முறை இல்லை, நீதிபதி ஒருவர்தான், காரணத்தை எழுதித் தீர்ப்பு சொல்லவேண்டும், மேல்முறையீடும் உண்டு. அதனால் ஆபத்து குறைவு.

எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். "சத்தியம் மனிதரை நேர்மையாக்கும்" என்பதற்குக் காட்டப்பட்ட சோதனைகளில் இரண்டு இப்போது ஆட்டம் கண்டுவிட்டன. பத்துக் கட்டளைகளை நினைவுகூரச் செய்தால் ஏமாற்றுவது குறையும் என்றது 2008 ஆய்வு. பல ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்தபோது, 2018இல், அந்த விளைவு வரவில்லை. படிவத்தின் முடிவில் வாங்கும் கையெழுத்தைத் தொடக்கத்திலேயே வாங்கினால் பொய் குறையும் என்ற 2012 கட்டுரை, அதிலிருந்த தரவு போலி என்று தெரியவந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அரசு அலுவலகப் படிவங்கள் வரை போய்ச் சேர்ந்த யோசனை அது!

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் விசாரித்தேன், நிரூபண வாக்குமூலம் போன வாரமே தாக்கல் ஆகிவிட்டதாம். "கடவுள் அறிய" என்று அச்சாகி, அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூண்டில் "உளமார" என்றால், "காகிதத்தில் கடவுள், கூண்டில் இல்லையா" என்று கேட்பார்களே?

கோர்ட்டுவாசல்:

கேட்பார்கள். கேட்கட்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7 அப்படியே பொருந்துகிறது: ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்ததால் சாட்சியம் கெடாது. இதற்காகப் புது வாக்குமூலம் தாக்கல் செய்ய மனுப் போடவேண்டாம், வாய்தாதான் நீளும். கேள்வி வந்தால் பதில்: "தட்டச்சில் வந்த வாசகம், கையெழுத்திடும்போது கவனிக்கவில்லை."

ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்படியானால் வாக்குமூலத்தில் மற்றதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டீர்களா?" இதுதான் உண்மையான குழி. உயில் வழக்கில் சாட்சி விழுவது இங்கேதான், கடவுளால் அல்ல. அதனால் விசாரணை நாளுக்கு முன் வாக்குமூலத்தின் நகலை வாங்கி, பத்தி பத்தியாக அவரைப் படிக்கச் சொல்லுங்கள். உயில் எழுதியவர் கையெழுத்திட்டதை அவர் நேரில் பார்த்தாரா, இன்னொரு சாட்சி அப்போது அங்கே இருந்தாரா, தான் கையெழுத்திட்டதை எழுதியவர் பார்த்தாரா, எந்தப் பேனா, எந்த இடம், எத்தனை மணி. நினைவுக்கு ஒத்துவராத வரி இருந்தால் இப்போதே வக்கீலிடம் சொல்லவேண்டும். அவர் முதல் விசாரணையின் தொடக்கத்திலேயே, குறுக்கு விசாரணைக்கு முன், அதைத் திருத்திப் பதிவு செய்ய நீதிமன்றத்திடம் அனுமதி கேட்பார். அந்த "கடவுள் அறிய" திருத்தத்தையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.